வெள்ளைத் துணியும் சிவந்த கைகளும்

லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். சரி என்று தலையாட்டிய பிறகுதான் வம்பை விலைக்கு வாங்கிவிட்டேன் என்று தெரிந்தது. டைட்ரேஷன் செய்யும் முறையை எழுதினால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள், எழுதுகிற எனக்கும் தூக்கம் வரும். அதெல்லாம் செய்முறைக் கையேட்டில் இருக்கிறது. ஆகவே, நியாசின் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பொருள் ஒரு சித்திரை மாதத்தில் எங்களைப் படுத்திய பாட்டைச் சொல்கிறேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் வருகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

ராஜபாளையத்தில் நான் தரக்கட்டுப்பாட்டில் இருந்த கம்பெனி, ஆஸ்பத்திரிகளுக்கு பேண்டேஜ் செய்து அனுப்பியது. தறியில் இருந்து வரும் துணி பழுப்பாக, கஞ்சியும் மெழுகுமாக இருக்கும். வெளியே இருக்கும் பிளீச்சிங் பட்டறையில் அதைக் காஸ்டிக் சோடா போட்டு வேகவைத்து, வெளுத்து, அலசி, காயவைத்து எங்களிடம் தருவார்கள். நாங்கள் வெட்டிச் சுருட்டி, காகிதம் சுற்றிப் பெட்டியில் அடைப்போம். நல்ல பேண்டேஜ் துணிக்கு வெண்மை மட்டும் போதாது. தண்ணீரில் போட்டால் மிதக்காமல் உடனே முங்க வேண்டும். மெழுகு சரியாகப் போகாத துணி மிதக்கும். அப்படிப்பட்ட துணியை ரத்தத்தின் மேல் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு வெளுத்துத் தந்தவர் எஸ்தர். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் அவருடைய பட்டறை. கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கோ எல்லையில். இங்கே பாய்லரையும் வேலைக்கு வரும் பெண்களையும் எஸ்தர் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தார். பெண்கள் பெரும்பாலும் வன்னியம்பட்டிப் பக்கத்தில் இருந்து வந்தவர்கள். பட்டறை எங்கள் கம்பெனித் துணியை நம்பித்தான் ஓடியது. எஸ்தரின் துணி மிதந்து நான் பார்த்ததில்லை. அவர் வாய் பேசாமல் இருந்தும் பார்த்ததில்லை. அதனாலேயே எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

கதைக்குப் போகுமுன் வேதியியலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நியாசின் என்பது பி3 வைட்டமின். லேபில் நிகோடினிக் அமிலம் என்போம். புகையிலை ஞாபகம் வரும். முதலில் நிகோடினில் இருந்து எடுத்ததால் வந்த பெயர் அது, குணம் வேறு. இந்த அமிலத்தோடு அம்மோனியா சேர்ந்தால் நிகோடினமைடு. அதுவும் வைட்டமின்தான், பரம சாது. அதே அமிலத்தோடு மெத்தனால் சேர்ந்தால் மெத்தில் நிகோடினேட். வலித்தைலங்களில் போடுவது இதைத்தான். வாய் வழியாகப் போக வேண்டும் என்ற அவசியமே இதற்கு இல்லை. தோலில் பட்டாலே உள்ளே இறங்கி ரத்தக்குழாய்களை விரித்துவிடும். பட்ட இடம் சிவந்து சூடேறும். செத்த நேரம் கழித்து வந்த சுவடு தெரியாமல் போய்விடும்.

இந்தச் சிவப்பை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு மனிதரின் முகத்தில். படிப்பு முடித்ததும் மதுரையில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தேன். அங்கே எங்கள் லேப் தலைவர் ரத்தக் கொழுப்புக்காக நிகோடினிக் அமில மாத்திரை சாப்பிடுவார். விழுங்கிய கொஞ்ச நேரத்தில் முகம், காது, கழுத்து எல்லாம் செக்கச் செவேலென்று ஆகிவிடும். அந்த நேரத்தில் மீட்டிங் இருந்தால் போதும். மனிதர் கொதித்துப்போய் வந்திருக்கிறார் என்று மேனேஜர்கள் நடுங்கி, அவர் கேட்கிற கருவிக்கெல்லாம் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அவரோ பரம சாந்தமாகக் காதைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் முகம் சிவக்காமல் மீட்டிங்குக்குக் கிளம்பினார்.

"இன்னைக்கு மாத்திரை போடலையா சார்?" என்று கேட்டேன்.

"போட்டேம்மா. அதுக்கு முன்னாடி ஒரு ஆஸ்பிரின் போட்டுக்கிட்டேன். ஆஸ்பிரின் உள்ள இருந்தா இது வாலைச் சுருட்டிக்கும்," என்றார். "இன்னைக்கு நான் ஒண்ணும் கேக்கப் போறதில்ல. கேக்குற அன்னைக்கு ஆஸ்பிரின் கிடையாது."

அவரிடம் நான் கற்ற வேதியியலில் பாதி இப்படிச் சிரித்துக்கொண்டே கற்றது.

இனி அந்தச் சித்திரை மாதம். காலையில் லேபைத் திறக்கும்போதே முதலாளி வாசலில் நின்றார். நல்ல மனிதர்தான். அவசரக்காரர், அவ்வளவுதான். ஒரு முடிவை எடுத்துவிட்டுத்தான் அதற்கான காரணத்தைத் தேடுவார். கையில் இருந்த போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கூடவே நர்சிங் படிப்பும் நடத்துகிறார்கள். அங்கே மாணவிகள் ஒருவருக்கு ஒருவர் கட்டுப்போட்டுப் பழகுவார்கள். எங்கள் பேண்டேஜை எடுத்துப் பழகியிருக்கிறார்கள். கட்டை அவிழ்த்ததும் வகுப்பு முழுக்க அலறல். படத்தில் வரிசையாகக் கைகள். மணிக்கட்டில் இருந்து முழங்கை வரை, பேண்டேஜ் சுற்றிய அளவுக்கு அளவெடுத்தது போல ரத்தச் சிவப்பு. ஒரு பிள்ளைக்குத் தலைக்கட்டு போட்டுப் பார்த்திருக்கிறார்கள். நெற்றியும் காதும் சிவந்து, கண்ணில் தண்ணீர் முட்ட நின்றது.

"நாலு நாளாச்சு மேடம் இது நடந்து," என்றார் முதலாளி. "நம்ம சரக்கு மொத்தத்தையும் ஓரமா வச்சிட்டாக. என்ன காரணம்னு இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம். இல்லைன்னா நம்ம கூட வரவு செலவே வேண்டாங்காக."

"என்ன எழுதப் போறீங்க?"

"என்னத்த எழுத? பட்டறையில ஒழுங்கா அலசல. காஸ்டிக் தங்கிப் போச்சு. எஸ்தருக்குத் துணி குடுக்கறத அன்னைக்கே நிப்பாட்டிட்டேன்."

எனக்கு அப்போதுதான் அது தெரியும். நான் மூட்டு வலி என்று அந்த நாலு நாளும் லீவில் இருந்தேன். அந்தப் பேச்சு அதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. பேண்டேஜ் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். எஸ்தர் துணியில் காஸ்டிக் இருக்கிறதாம் என்று ஒரு வாய் சொன்னால் போதும், வேறு எந்தக் கம்பெனியும் அவருக்கு ஒரு முழம் துணி தராது. சாயங்காலம் அதை எழுத்திலும் கொடுத்துவிட்டால் அந்தப் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"டெஸ்ட் பண்ணாம எழுதாதீங்க சார்," என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

டெஸ்ட் செய்தேன். காஸ்டிக்கின் காரம் இல்லை, வெளுக்கப் போடும் குளோரின் இல்லை, தண்ணீரில் போட்டால் கல் மாதிரி முங்கியது. குறை சொல்ல ஒன்றும் இல்லாத துணி. முதலாளியிடம் சொன்னேன். அவரும் முட்டாள் இல்லை, ஒரு நியாயமான கேள்வி கேட்டார்.

"அதே பெட்டியில இருந்து அவிய எலும்பு முறிவு வார்டுக்கும் சுருள் போயிருக்கு. அங்க ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. பிள்ளைகளுக்கு மட்டும் செவக்குது. அப்ப ஒரு சுருள் நல்லா அலசுனது, ஒரு சுருள் அலசாததுன்னுதான மேடம் அர்த்தம்?"

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, வகுப்பு எடுத்த அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். சிவப்பு எவ்வளவு நேரத்தில் வந்தது, எப்போது போனது? கட்டிய கொஞ்ச நேரத்திலேயே வந்ததாம். மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லோருக்கும் மறைந்துவிட்டதாம். கொப்புளம் இல்லை, தோல் உரியவில்லை. பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள் என்று கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. காஸ்டிக் சுட்டால் அப்படிச் சொல்லிக்கொள்ளாமல் போகாது. வடு வைத்துவிட்டுத்தான் போகும்.

அடுத்து குடோனைப் போய்ப் பார்த்தேன். மலைக்காற்று வீசும் காலை நேரம். சித்திரையில் குடோனுக்குள் போவது என்றால் எல்லோரும் வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு வருவோம். தகரக்கூரை அப்படி. தரை காய்ந்து சுத்தமாக இருந்தது. பெட்டிகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. கீழ் அடுக்கின் மரப்பலகைக்கு அடியில் மட்டும் கொஞ்சம் வெள்ளைப் பொடி. துணி குடோனில் வெள்ளையாக எது கிடந்தாலும் பஞ்சுத்தூசி என்றுதான் கண் சொல்லும். கீழ் அடுக்கில் இருந்து இரண்டு சுருளை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

லேபில் எஸ்தர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். வழக்கமாக வாசலிலேயே தொடங்கும் பேச்சைக் காணோம்.

"லேப் அக்கா, என்னைய உள்ள விடக் கூடாதுன்னு கேட்ல சொல்லி வச்சிருக்காக. உங்க பேரைச் சொல்லித்தான் வந்தேன்," என்றார். "என் துணியில காஸ்டிக் இருக்குன்னு நீங்க சொல்லுதீகளா?"

"நான் சொல்லலட்டி. டெஸ்ட்ல ஒண்ணும் இல்ல."

"அப்ப அந்தப் பிள்ளைக கையி?"

"தெரியல."

எஸ்தர் வலது கையை நீட்டினார். "கட்டுங்க. என் துணி, என் கை. செவந்தா எனக்குச் செவக்கட்டும்."

அவருக்கு மட்டும் கட்ட எனக்கு மனசு வரவில்லை. ஒரே சுருளை நடுவில் வெட்டி ஒரு பாதியை அவர் கையிலும் மறு பாதியை என் கையிலும் சுற்றினேன். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் எஸ்தர் "சூடா இருக்குக்கா" என்றார். அவிழ்த்தோம். அவர் கை படத்தில் பார்த்த மாதிரியே செக்கச் சிவந்திருந்தது. என் கை கட்டுவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது.

"ஒரே துணி, ஒரு கை செவக்குது, ஒரு கை செவக்கல. இது அலர்ஜி மேடம்! சில பேர் உடம்புக்கு ஒத்துக்கல. அப்படியே எழுதிருவோம். எஸ்தர் மேலயும் தப்பு இல்ல, நம்ம மேலயும் தப்பு இல்ல."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்கள் வேலையில் இந்த மாதிரி ஒரு வாசல் ஒருநாள் உங்களுக்கும் திறக்கும். யாரும் மாட்டிக்கொள்ளாமல் எல்லோரும் வெளியே போய்விடலாம் போல இருக்கும். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. மூட்டு வேறு விண்விண்ணென்று தெறித்தது, வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

எஸ்தர்தான் கேட்டார். "அலர்ஜின்னு எழுதினா எனக்கு மறுபடி துணி குடுப்பீகளா முதலாளி?"

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கொஞ்ச நாள் போகட்டும். பேச்சு அடங்கட்டும்."

எஸ்தருக்குப் புரிந்துவிட்டது. எனக்கும் புரிந்தது. காரணம் தெரியாத பழி காற்றோடு போகாது, யார் மேலாவது ஒட்டிக்கொண்டு நிற்கும். தவிர, ஒரு வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே நாளில் ஒரே துணி அலர்ஜியாகுமா? அந்தக் கணக்கு எனக்கு ஒத்துவரவே இல்லை.

"சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குல்ல சார். இருக்கட்டும்," என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே போனார்.

எஸ்தருக்கு டீ சொன்னேன். எங்கள் இரண்டு கைகளையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். என் கைக்கும் அவர் கைக்கும் என்ன வித்தியாசம்? வயசு. எனக்குக் கொஞ்சம் கூடுதல். அதற்காகத் தோல் மரத்தா போகும்? டீ வந்தது. டீயோடு போடுகிற மூட்டு வலி மாத்திரையைப் பையில் இருந்து எடுத்தேன். காலையில் ஒன்று போட்டிருந்தேன், இது அடுத்தது. அட்டையில் இருந்து மாத்திரையைப் பிதுக்கும்போதுதான் மதுரை லேப் தலைவரின் சிவந்த காது எனக்கு ஞாபகம் வந்தது.

என்னையறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டேன். எஸ்தர் பயந்துபோய், "என்னக்கா ஆச்சு?" என்றார்.

"ஏட்டி, நீ ஏதாவது வலி மாத்திரை போட்டிருக்கியா?"

"எனக்கு என்ன வலி? மனசுலதான் வலி."

"நான் போட்டிருக்கேன். அதான் எனக்குச் செவக்கல. அந்த எலும்பு முறிவு வார்டுல படுத்திருக்க அம்புட்டுப் பேரும் வலி மாத்திரையில இருக்கவக. அதான் அவகளுக்கும் செவக்கல. கட்டிப் பழகுன பிள்ளைக நல்லா இருக்கிற பிள்ளைக. மாத்திரை ஏதும் போடாதவக. அதான் அவகளுக்கு மட்டும் செவந்துச்சு!"

ஆஸ்பிரின் மட்டும் இல்லை, அந்த வகை வலி மாத்திரைகள் பலவும் நிகோடினேட் தரும் சிவப்பை அடக்கும். இந்தச் சிவப்பு அலர்ஜி இல்லை, காஸ்டிக்கும் இல்லை. நியாசின் குடும்பத்து ஆள் யாரோ துணிக்குள் உட்கார்ந்திருக்கிறான். எந்த இடத்தில் ஏறினான் என்பதுதான் மிச்சம்.

எஸ்தரிடம், அதே வேகவைப்பில் எடுத்த துணி ஏதாவது பட்டறையில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். ஓரத்துணி கிடக்கும் என்றார். அவரே ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் ஒரு துண்டைக் கொண்டுவந்தார். அதை அவருடைய இடது கையில் சுற்றினேன். காத்திருந்தோம். கொஞ்ச நேரம் என்று நினைத்தது நீண்டுகொண்டே போனது. அவிழ்த்தால் கை கை மாதிரியே இருந்தது. ஒரே பாய்லரில் ஒன்றாக வெந்த துணி. எங்கள் வாசலுக்குள் வந்தது சிவக்க வைக்கிறது, வராதது சும்மா இருக்கிறது.

எஸ்தர் தன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. "அப்ப என் வீட்ல இல்ல. உங்க வீட்லதான் இருக்கு," என்றார்.

எங்கள் வீட்டில் மெத்தில் நிகோடினேட் இருந்தது எனக்குத் தெரியும். முதுகில் ஒட்டும் வலிப் பட்டை ஒன்று தயாரிக்கலாம் என்று முதலாளி ஆசைப்பட்டு, சோதனைக்காக ஒரு அட்டை டிரம் வரவழைத்திருந்தார். அது மூலப்பொருள் அறையில் பூட்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டோர் ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அந்த ரூம்ல கூரை மாத்துறாகல்லா மேடம். அதான் குடோன்ல மேக்குச் சுவர் ஓரமா இறக்கி வச்சிருக்கோம். நல்லா மூடித்தான் இருக்கு," என்றார்.

அப்போது நல்ல உச்சி வெயில் சாய்ந்து, மேற்குத் தகரத்தில் வெயில் நேராக அடிக்கிற நேரம். வழக்கமாக அந்த நேரத்தில் குடோன் பக்கம் ஒருவரும் தலைவைத்துப் படுக்க மாட்டோம். நானும் எஸ்தரும் போனோம். உள்ளே நுழைந்ததும் மூச்சு முட்டியது. லேசாக ஒரு வாசனை, மூலிகையும் புகையிலையும் சேர்ந்த மாதிரி. காலையில் அது இல்லை. பெட்டி அடுக்குகளின் மறைவில், டிரம்மின் முதுகு தகரச் சுவரில் ஒட்டி நின்றது. அடிப்பாகத்தில் ஒரு கிழிசல். காலையில் நான் பஞ்சுத்தூசி என்று நினைத்த வெள்ளைப் பொடியைக் காணோம். அது கிடந்த இடத்தில் தரை எண்ணெய் தடவியது போல மின்னியது.

மெத்தில் நிகோடினேட் நாற்பத்திரண்டு டிகிரி வாக்கில் உருகிவிடும். ராஜபாளையத்துச் சித்திரைக்கும் தகரச் சுவருக்கும் அது ஒரு பொருட்டா? மத்தியானம் எண்ணெயாக ஓடி, மரப்பலகை வழியாகக் கீழ் அடுக்குப் பெட்டிகளுக்குள் ஊறியிருக்கிறது. மிச்சம் ஆவியாகிக் காகிதச் சுற்றைத் தாண்டியிருக்கிறது. பொழுது சாய்ந்து குளிர்ந்ததும் மறுபடி பொடியாகி, நல்ல பிள்ளை மாதிரி படுத்துக்கொள்கிறது. நாங்கள் எல்லோரும் காலையில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு, குடோன் சுத்தம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். இடத்தை உங்களுக்கு வசதியான நேரத்தில் பார்க்காதீர்கள். தப்பு நடக்கிற நேரத்தில் போய்ப் பாருங்கள். நான் எழுத வந்ததில் இந்த ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாலும் எனக்குச் சந்தோஷம்.

"ஏன்க்கா, பெட்டி, காகிதம் எல்லாம் தாண்டி என் துணி அம்புட்டையும் குடிச்சிருச்சா?" என்றார் எஸ்தர்.

"உன் துணியாச்சே. குடிக்காம இருக்குமா?"

அரைகுறையாக வெளுத்த துணியாக இருந்தால் மெழுகு தடுத்திருக்கும், பாதிகூட ஏறியிருக்காது. அவர் வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்ததால்தான் பழி அவர் மேல் வந்து விழுந்திருந்தது. இதைக் கண்டுபிடிக்காமல் அலர்ஜி என்று எழுதி அனுப்பியிருந்தால் நான் எந்த முகத்தோடு அந்த ரோட்டில் போயிருப்பேன்?

கையுறை போட்டுக்கொண்டு தரையில் இருந்து கொஞ்சம் வழித்து எடுத்தேன். சந்தேகம் தீர வேண்டாமா? காஸ்டிக் சோடாவில் கொதிக்கவிட்டால் மெத்தனால் கழன்று நிகோடினிக் அமிலத்தின் உப்பு மிஞ்சும். காரத்தைச் சமன் செய்து, மயில்துத்தக் கரைசல் விட்டேன். நீலப்பச்சையாகக் கலங்கி மெதுவாக அடியில் படிந்தது. நிகோடினிக் அமிலம் இருந்தால் இப்படித்தான் படியும். எஸ்தர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "அழகாத்தான் இருக்கான் பாவி," என்றார்.

முதலாளி அறைக்கு இரண்டு பேரும் போனோம். கம்ப்யூட்டரில் அலர்ஜி என்று பதில் அடித்து வைத்திருந்தார், அனுப்புவது மட்டும்தான் பாக்கி. நான் விளக்கமெல்லாம் சொல்லவில்லை. கீழ் அடுக்குச் சுருள் ஒன்றை அவர் மேசைமேல் வைத்தேன்.

"இன்னைக்கு ஏதாவது வலி மாத்திரை போட்டிருக்கீங்களா சார்?"

"இல்லையே. எதுக்கு?"

"சட்டைக் கையை மடக்குங்க."

என் குரலில் என்ன இருந்ததோ, மறுபேச்சுப் பேசாமல் மடக்கினார். கட்டினேன். கட்டிய கையோடு அவரை வைத்துக்கொண்டே டிரம், கிழிசல், தகரம், எஸ்தரின் இடது கை, வலது கை எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே அவர் முகம் மாறிவிட்டது. கட்டை அவரே அவிழ்த்தார். முன்கை முழுக்கச் சிவந்திருந்தது.

"தேவுடா," என்றார் மெதுவாக. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மனசு ஆடினால்தான் அது வெளியே வரும்.

எஸ்தர் கேட்டார். "எரியுதா முதலாளி?"

"எரியல. சூடா இருக்கு. தீப் பக்கத்துல வச்ச மாதிரி."

"எனக்கு இத்தன நாளும் மூஞ்சி அப்படித்தான் இருந்துச்சு," என்றார் எஸ்தர். "கோயிலுக்குப் போனா, கடைக்குப் போனா, எங்க பொம்பளைக மூஞ்சிய ஏறிட்டுப் பாத்தா, எல்லா இடத்துலயும் இப்படித்தான் இருந்துச்சு."

முதலாளி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். அப்புறம் அடித்து வைத்திருந்த பதிலை அழித்தார். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, நாங்கள் இரண்டு பேரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார். நான் வேலை பார்த்த அத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு நிதானமாகப் பேசி நான் கேட்டதில்லை. தப்பு எங்கள் குடோனில் நடந்தது, துணியில் இல்லை, வெளுத்தவர் பேரில் எள்ளளவும் குற்றம் இல்லை, பிள்ளைகளிடம் நானே வந்து மன்னிப்புக் கேட்கிறேன், கைவசம் இருக்கும் சரக்கு மொத்தத்தையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். அந்தப் பக்கம் இருந்தவர் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் முதலாளி பதில் சொன்னார். கடைசியில் ஆஸ்பத்திரிக்காரர், "இவ்வளவு தெளிவா யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை சார். அடுத்த சரக்கு எப்ப அனுப்புவீங்க?" என்று கேட்டார்.

முதலாளி போனைக் கையால் பொத்திக்கொண்டு எஸ்தரைப் பார்த்தார். "எஸ்தரம்மா, அடுத்த லாட் எப்ப தாரீங்க?"

அதுவரை அவர் எஸ்தரை அம்மா போட்டு அழைத்ததில்லை. எஸ்தர் அவசரப்படவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். நாலு நாளாகக் காணாமல் போயிருந்த குரல் முழுசாகத் திரும்பி வந்தது.

"மொதல்ல உங்க குடோனக் கழுவுங்க முதலாளி. நான் வந்து மோந்து பாப்பேன். பொறவுதான் துணி."

அன்று சாயங்காலம் ஸ்டோர் ஆட்கள் பெட்டிகளை வெளியே தூக்கிப் போட, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடோன் தரையில் தண்ணீர்க் குழாய் பிடித்து நின்றவர் முதலாளி. எஸ்தர் வாசலில் நின்றுகொண்டு, இந்த மூலை, அந்த மூலை என்று கை காட்டிக்கொண்டிருந்தார்.